துகளை வைத்தால் எடை மைனஸில் காட்டுகிறது: கிரிஸ்டல் போய்விட்டதா?

கேள்வி: எம்.எஸ்சி. இறுதியாண்டு மாணவி நான். எங்கள் துறையில் இருக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் மைக்ரோபேலன்ஸ் (கிரிஸ்டலின் அதிர்வைக் கொண்டு நுண்ணிய எடையைச் சொல்லும்) கருவியில் 5 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பொருத்தி, 2 மைக்ரோமீட்டர் சிலிக்கா துகள்களை நீரில் கலந்து விட்டேன். துகள் படிந்தால் அதிர்வெண் குறையும் என்றுதான் படித்திருக்கிறேன். இங்கே 40 ஹெர்ட்ஸ் கூடுகிறது. மென்பொருள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மைனஸ் 708 நானோகிராம் என்கிறது. டீலரின் ஆள் வந்து பார்த்துவிட்டு, "கிரிஸ்டல் போச்சு, பத்து கிரிஸ்டல் பெட்டி ஒன்று வாங்குங்கள், காலிபரேஷனும் செய்துவிடலாம்" என்றார். தெரிந்த புராஜெக்ட் சென்டரில் கேட்டால், "மைனஸை எடுத்துவிட்டுப் போடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார்கள். அடுத்த மாதம் வைவா. என்ன செய்யட்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: பெட்டி வாங்க வேண்டாம். மைனஸையும் அழிக்க வேண்டாம். உங்கள் கிரிஸ்டல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அது சொன்ன 40 ஹெர்ட்ஸும் உண்மையாகவே இருக்கலாம். அந்த 40 ஹெர்ட்ஸை எடையாக மாற்றிய கணக்குதான் இங்கே பொருந்தவில்லை.

இந்தக் கருவிக்கு எடை என்றால் என்னவென்றே தெரியாது. மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள குவார்ட்ஸ் வட்டத் தகடு, இரு பக்கமும் தங்கப் பூச்சு. மின்னழுத்தம் கொடுத்தால் அதன் முகம் பக்கவாட்டில் நொடிக்கு ஐம்பது லட்சம் முறை ஆடுகிறது. ஆட்டத்தின் வீச்சு ஒருசில நானோமீட்டர்தான். கருவி அளப்பது இந்த ஆட்டத்தின் வேகத்தை மட்டுமே. 1959இல் ஜெர்மனியில் சவர்பிரே என்பவர், தகட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்தால் அதிர்வெண் எவ்வளவு குறையும் என்று கணக்குச் சொன்னார். 5 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 1 ஹெர்ட்ஸ் குறைந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம். ஆனால் படலம் மெல்லியதாக, சீராக, விறைப்பாக, தகட்டோடு ஒட்டி ஒன்றாக ஆட வேண்டும். உங்கள் மென்பொருளுக்கு இதெல்லாம் கவலையில்லை. எந்த எண் வந்தாலும் 17.7ஆல் பெருக்கிக் கையில் கொடுத்துவிடும். 40 பெருக்கல் 17.7 போட்டுப் பாருங்கள், உங்கள் 708 வந்துவிடும்.

சரி, அதிர்வெண் ஏன் ஏறியது? ஸ்பிரிங் மாட்டிய தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை கனமாக இருந்தால் தொட்டில் மெதுவாகக் குதிக்கும். இது சவர்பிரே சொன்ன நிலை. இப்போது தொட்டிலின் பக்கத்தில் ஒரு ரப்பர் வளையத்தைக் கட்டி, மறுமுனையைச் சன்னல் கம்பியில் மாட்டிவிடுங்கள். தொட்டிலில் கனம் கூடவில்லை, ஆனால் இழுத்துப் பிடிக்க இன்னொரு ஸ்பிரிங் வந்துவிட்டது. தொட்டில் முன்பைவிட வேகமாகக் குதிக்கும்.

உங்கள் சிலிக்கா உருண்டை அந்தச் சன்னல் கம்பியின் இடத்தில் இருக்கிறது. தகடு நொடிக்கு ஐம்பது லட்சம் முறை ஆடும்போது, உருண்டை தன் நிலைமத்தால் கூடவே ஆட முடியாமல் நின்ற இடத்தில் நிற்கிறது. தகட்டை அது தொடுவது மிகச் சிறிய ஒரு புள்ளியில் மட்டும். அந்தத் தொடுபுள்ளிதான் ரப்பர் வளையம். இன்னொன்றையும் பாருங்கள். 5 மெகாஹெர்ட்ஸில் தகட்டின் ஆட்டம் நீருக்குள் ஏறத்தாழ 250 நானோமீட்டர் உயரம் வரைக்கும்தான் எட்டும். உங்கள் உருண்டையின் உயரம் அதைப்போல எட்டு மடங்கு. முக்கால்வாசிக்கு மேல் ஆட்டமே இல்லாத நீரில் நின்றுகொண்டிருக்கிறது. அதை மெல்லிய படலம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

இது புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டிப்வாட் என்பவர் 1985இலேயே தகடு, ஸ்பிரிங், துகள் என்று இதை மாதிரியாக்கி எழுதிவிட்டார். நீரிலிருந்து படியும் மைக்ரோமீட்டர் துகள்களிலும் அதிர்வெண் ஏறுவதை 2010இல் யோஹான்ஸ்மானும் உடனிருந்தவர்களும் வெளியிட்டார்கள். கருவி விற்பவர்கள் இதையெல்லாம் கையேட்டில் ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடும்?

கிரிஸ்டல் போய்விட்டதா என்று பார்க்க டீலரின் ஆள் தேவையில்லை. கழுவி உலர்த்திய கிரிஸ்டலைக் காற்றில் வைத்து அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முகத்தில் மட்டும் சுத்தமான காய்ச்சி வடித்த நீர். 20 டிகிரி நீரில் 5 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சுமார் 715 ஹெர்ட்ஸ் குறைய வேண்டும். நம் ஊர் அறையில் நீர் 30 டிகிரி என்றால் 640 பக்கம். திரும்ப உலர்த்தினால் பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். இவை நடந்தால் கிரிஸ்டல் நலம். 715க்குப் பதில் இரட்டிப்பாகக் குறைந்தால், நீர் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வழியாக நீர் மறுபக்கமும் போயிருக்கிறது. நீர் விட்டும் ஒழுங்காகக் குறையவில்லை என்றால் குமிழி ஒட்டியிருக்கும், தட்டி எடுங்கள். தங்கம் உரிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும்.

இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் கிரிஸ்டல் பெட்டிக்காரர் இதைச் செய்து காட்ட மாட்டார், அவருக்கு வருமானம் பெட்டியில். கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, பிறகு கிரிஸ்டல், ஓ-ரிங், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று வாங்கிக்கொண்டே இருப்பது இந்தத் தொழிலில் பழக்கமாகிவிட்டது. கல்லூரிப் பக்கமும் தப்பு இருக்கிறது. மார்ச் 31க்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று அவசரத்தில் கருவி வாங்குகிறோம். மூன்று கொட்டேஷன் வருகிறது. மூன்றையும் ஒருவரே மூன்று லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துப்பிழைகூட மூன்றிலும் ஒன்றே. குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போகும். கருவி வந்த பிறகு கழுவும் திரவம் வாங்கச் செலவுக் கணக்கில் பணமிருக்காது. தணிக்கைக்குக் கோப்பு சரியாக இருக்கும். மாணவிதான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

காலிபரேஷன் பேச்சிலும் கவனம். சான்றிதழில் முத்திரை பளபளக்கும். எதை அளந்து சான்று கொடுத்தார்கள் என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிர்வெண் எண்ணியைச் சரிபார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அது சரியாக இருந்தாலும் உங்கள் மைனஸ் மாறாது. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் என்று சொன்னால், அந்த அங்கீகாரத்தின் வரம்பில் எந்த அளவு எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் இழுத்தால் அனுப்பிவிடுங்கள்.

புராஜெக்ட் சென்டர் யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. குறியை மாற்றுவது பொய்த் தரவு. பிடிபட்டால் மாட்டுவது நீங்கள், அவர்கள் இல்லை.

அதிர்வைக் கொண்டு எடை சொல்லும் கருவிகள் எல்லாவற்றிலும் இந்த எண் மோகம் உண்டு. காற்று மாசு நிலையங்களில் ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியில் வடிகட்டியை மாட்டி, அதை ஆடவிட்டுத் தூசியை எடைபோடும் கருவி இருக்கிறது. ஈரம் சேராமலிருக்க 50 டிகிரியில் வைத்தார்கள். சூட்டில் அம்மோனியம் நைட்ரேட் போன்றவை ஆவியாகி எடை குறைந்தது. பிரிட்டனில் அதன் பிஎம்10 (10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட தூசி) அளவீட்டைப் பல ஆண்டுகள் 1.3ஆல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் அரசே அப்படித்தான் சமாளித்தது என்றால், உங்கள் மைனஸுக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டிய ஒரே இடம்: வெப்பநிலை. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் துகளின் வேலை என்று நினைத்து வெப்பத்தின் வேலையை எழுதிய அறிக்கைகள் நிறைய. துகள் கலந்த நீரைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தீர்களா? அப்படியென்றால் அதை ஊற்றியதும் அதிர்வெண் இறங்கும், குளிர்ந்த நீரின் பிசுப்பு அதிகம் என்பதால். பிறகு அது அறை வெப்பத்துக்கு வர வர, ஒரு டிகிரிக்கு ஏழெட்டு ஹெர்ட்ஸ் வீதம் ஏறும். ஊற்றிய உடனே பூஜ்யம் வைத்திருந்தால், ஐந்தே டிகிரியில் உங்கள் 40 ஹெர்ட்ஸ் வந்துவிடும், துகள் ஒன்றுகூடப் படியாமல். மதியம் ஏ.சி.யை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் இதே கதை. மின்வெட்டு வந்து போனாலும் இதேதான். காலை பதினொரு மணிக்கு எடுத்த தொடக்க அளவை மூன்று மணி அளவீட்டோடு ஒப்பிட்டாலும் இதேதான். கண்டுபிடிக்க வழி சுலபம். துகளில்லாத வெறும் நீரை, அதே குளிர்பெட்டியிலிருந்து அதே நேரத்தில் எடுத்து, அதே மாதிரி ஊற்றிப் பாருங்கள். அதிலும் 40 ஏறினால் துகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏறாவிட்டால் தொடர்ந்து வாசியுங்கள்.

கருவியில் ஓவர்டோன் வசதி (அதே கிரிஸ்டலை மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்ணிலும் ஆடவிட்டு அளப்பது) இருந்தால், துகளா வெப்பமா என்பதை ஒரே ஓட்டத்தில் பிரித்துவிடலாம். 5 மெகாஹெர்ட்ஸில் எடுத்ததையே 15லும் 25லும் எடுங்கள். முதலில் ஓர் எச்சரிக்கை: சில மென்பொருள்கள் ஓவர்டோன் எண்ணால் வகுத்துவிட்டே காட்டும், அதை நிறுத்தி வகுக்காத ஹெர்ட்ஸை எழுதிக்கொள்ளுங்கள். உண்மையான எடை மாற்றம் என்றால் 15 மெகாஹெர்ட்ஸில் மாற்றம் மூன்று மடங்காகும். நீர் சூடானதால் வந்த மாற்றம் என்றால் 1.7 மடங்கு. உருண்டை ஸ்பிரிங்காகப் பிடித்து இழுக்கிறது என்றால் பெருகவே பெருகாது, மூன்றில் ஒரு பங்காகக் குறையப் பார்க்கும். உங்கள் 40 ஹெர்ட்ஸ் 15இல் பதின்மூன்று பக்கம் வந்தால் விஷயம் முடிந்தது. எண்கள் இவ்வளவு அழகாக விழாது. எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால் போதும்.

அப்படியானால் எடை எப்படிக் கிடைக்கும்? துகளைத் தகட்டோடு கட்டிப்போட வேண்டும். டொலுவீனில் கரைத்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஸ்பின் கோட்டரில் (தகட்டைச் சுழற்றிப் பூச்சு போடும் கருவி) மெல்லிய படலமாகப் போடுங்கள். காற்றில் அதிர்வெண்ணைக் குறியுங்கள். துகள்களை நடுவில் இட்டு உலர்த்தி, 110 டிகிரி அடுப்பில் சில நிமிடம் வைத்தால் படலம் இளகி உருண்டைகள் சற்று அமிழும். முழுக்க ஆறிய பிறகு மறுபடி அளவிடுங்கள். சொட்டு காயும்போது துகள்கள் விளிம்பில் வளையமாக ஒதுங்கும், கிரிஸ்டலுக்கோ உணர்வு நடுவில்தான் அதிகம், ஆகவே பெரிய சொட்டு ஒன்றைவிடச் சின்னச் சொட்டுகள் பல நல்லது. 2 மைக்ரோமீட்டருக்கு இதெல்லாம் செய்தாலும் இழுபறிதான். 200 நானோமீட்டர் துகளுக்கு மாற வழிகாட்டி ஒப்புக்கொண்டால் உங்களுக்குப் பாதித் தலைவலி குறையும்.

சரிபார்க்க ஒரு சாதாரண நுண்ணோக்கி போதும். 2 மைக்ரோமீட்டர் சிலிக்கா உருண்டை ஒன்றின் எடை ஏறத்தாழ 8 பிகோகிராம் (நானோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பிகோகிராம்). சதுர சென்டிமீட்டருக்கு 700 நானோகிராம் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு எண்ணூறுக்கு மேல் உருண்டைகள் தெரிய வேண்டும். ஐந்தாறு இடத்தில் எண்ணிப் பெருக்குங்கள். அதிர்வெண் சொல்லும் எடையும் எண்ணிய எடையும் அருகருகே வந்தால்தான் நம்பலாம்.

ஒரே ஒரு துகளின் எடை வேண்டும் என்ற ஆசை இருந்தால் இந்தக் கருவியில் முடியாது. 1 ஹெர்ட்ஸ் மாறவே இரண்டாயிரம் உருண்டைகளுக்கு மேல் வேண்டும். அதற்கு உள்ளே நீரோடும் நுண்கால்வாய் கொண்ட அதிர்வு இழை வேண்டும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மனாலிஸ் குழு 2007இல் காட்டியது. அதுவும் நீர் துகளை மேலே தள்ளும் மிதப்பு போக மீதி எடையைத்தான் சொல்லும். சிலிக்காவுக்குப் பாதி போய்விடும். பாலிஸ்டைரீன் துகளுக்கு ஏறத்தாழ எதுவுமே மிஞ்சாது.

வைவாவில் மைனஸ் 708ஐ எடையாகக் காட்டாதீர்கள். வெறும் நீர் சோதனை, மூன்று ஓவர்டோன் வரைபடம், நுண்ணோக்கி எண்ணிக்கை, இந்த மூன்றையும் வரிசையாக வையுங்கள். வெறும் நீரில் அந்த 40 ஏறவில்லை என்றால், துகள் தகட்டில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் நீங்கள் உண்மையில் அளந்திருக்கிறீர்கள், ஆய்வுத் தலைப்பையே அப்படித் திருப்ப முடியுமா என்று வழிகாட்டியிடம் இந்த வாரமே கேளுங்கள். பெட்டிக்கான இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) இன்னும் துறைத்தலைவர் மேசையில்தான் இருக்கிறது என்றால் அதையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.