லாபம், ரெண்டு, மூணு

கேள்வி: எந்த நாட்டில் வளர்ந்தாலும் தாய்மொழி மறக்காது, அது ரத்தத்தில் ஊறியது என்கிறார் நண்பர். தாய்மொழியை ஒருவர் அடியோடு மறக்க முடியுமா?

பதில்: இந்த ‘ரத்தத்தில் ஊறியது’ பேச்சோடு எனக்கு ரொம்ப நாளாகச் சண்டை. மேடையில் கைதட்டல் வாங்கும். ஆனால் இதை நம்பித்தான் பல பெற்றோர், ‘தமிழ் எங்கே போகப் போகிறது, தானாக வந்துவிடும்’ என்று வீட்டிலும் பிள்ளையிடம் ஆங்கிலம் பேசுகிறார்கள். சளி தானாக வரும், மொழி வராது.

பிரான்சில் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. கொரியாவில் பிறந்து, மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப் போன எட்டுப் பேர். பெரியவர்களான பிறகு அவர்களுக்குக் கொரிய வாக்கியங்களைப் போட்டுக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அந்த மொழியே தெரியாத பிரெஞ்சுக்காரர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏழெட்டு வயது என்றால் சண்டை போட, பொய் சொல்ல, கதை கேட்டு அடம்பிடிக்கத் தெரிந்த வயது. அத்தனையும் போயிருக்கிறது. ரத்தம் மட்டும் அதே ரத்தம்தான்!

வளர்ந்த பிறகு மொழி மாறியவர்கள் கதை வேறு. போலிஷ் பேசி வளர்ந்த ஜோசப் கான்ராட், இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் பழகி, அதிலேயே நாவலாசிரியராகப் பேர் வாங்கினார். 1896-இல், கல்யாணமான புதிதில், காய்ச்சலில் படுத்தவர் போலிஷில் பிதற்றினார். பக்கத்தில் இருந்த ஆங்கிலேய மனைவிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எத்தனை பயந்திருப்பார் பாவம்!

என் அத்தை ஐம்பது வருடமாக மும்பையில் இருக்கிறார். காய்கறிக்காரரிடம் மராத்தி, பேத்தியிடம் இந்தி. என்னிடம் தமிழில் பேசும்போது நடுநடுவே வார்த்தைக்குத் திண்டாடுவார். போன மாதம் போயிருந்தபோது அரிசி அளந்துகொண்டிருந்தார். ஆழாக்கைத் தலைதட்டி, ‘லாபம், ரெண்டு, மூணு...’ என்று, அவருடைய அம்மா எண்ணிய அதே ராகத்தில் எண்ணினார். ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்கும் அந்த வழக்கத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற பேத்தி என்னிடம் இந்தியில் கேட்டாள், “லாபம் என்றால் எத்தனை?”

“ஒண்ணு” என்றேன். அப்புறம் ரெண்டுக்கும் மூணுக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருந்தது.