ஸ்பார்ட்டா வீழ்ந்தது தீப்ஸிடம் தோற்றதாலா?

கி.மு. 371இல் லூக்ட்ரா என்ற இடத்தில் நடந்த போரில், தீப்ஸ் என்ற இன்னொரு கிரேக்க நகர அரசின் படையிடம் ஸ்பார்ட்டா செம அடி வாங்கியது உண்மைதான். ஆனால் சிசிலித் தீவுக்கு அனுப்பிய மொத்தப் படையையும் பறிகொடுத்த பிறகும் ஏதென்ஸ் ஒன்பது வருஷம் தாக்குப்பிடித்ததே? ஸ்பார்ட்டாவால் ஏன் எழவே முடியவில்லை?

ஆள் இல்லை. லூக்ட்ராவில் நின்ற, முழு உரிமையுள்ள ஸ்பார்ட்டக் குடிமக்களே சுமார் 700 பேர். அதில் 400 பேர் செத்தார்கள். கி.மு. 480இல் 8,000 பேர் இருந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

கி.மு. 464 பூகம்பமும் போர்ச் சாவுகளும் கொஞ்சம் பேரைக் கொண்டுபோயின. மீதியைக் கொண்டுபோனது மெஸ் பாக்கி! ஒவ்வொரு குடிமகனும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாதாமாதம் பார்லி, ஒயின், பாலாடைக்கட்டி, அத்திப்பழம் கொடுத்தாக வேண்டும். கொடுக்க வக்கில்லாதவனுக்குக் குடியுரிமை போச்சு. நிலமோ வாரிசுரிமை, சீதனம் என்று சில குடும்பங்களிடமே சேர்ந்துகொண்டிருந்தது. ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருப்பதாக அரிஸ்டாட்டில் குறைபட்டுக்கொள்கிறார். சட்டம் போட்டது ஆண்கள்தானே ஐயா!

இப்படிக் கீழே தள்ளப்பட்டவர்களின் கோபம், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கினடோன் கதையில் தெரியும். கி.மு. 399 வாக்கில் அவர் ஒருவனைச் சந்தையோரம் கூட்டிப்போய், "ஸ்பார்ட்டக் குடிமக்கள் எத்தனை பேர், எண்ணு" என்றார். அரசர், எஃபோர் என்ற ஆட்சியாளர்கள், முதியோர் சபையினர், அப்புறம் ஒரு நாற்பது பேர். "இவர்கள் உன் எதிரிகள். சந்தையில் மிச்சமிருக்கும் நாலாயிரத்துச் சொச்சம் பேரும் நம் ஆட்கள்." அவன் நேரே போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டான். பிடிபட்டவரிடம் ஏன் சதி செய்தாய் என்று கேட்டதற்கு, ஸ்பார்ட்டாவில் யாருக்கும் கீழே இருக்கக் கூடாது என்றாராம் கினடோன். கழுத்தையும் கையையும் பூட்டி, சாட்டையால் அடித்து ஊரைச் சுற்ற வைத்தார்கள். குடியுரிமையைப் பறித்த அந்த மெஸ் விதியை மட்டும் தொடவில்லை.

இந்தச் சொற்ப ஆட்களை வைத்துக்கொண்டுதான் கிரேக்கம் முழுக்க நாட்டாமை பண்ணினார்கள். கி.மு. 382இல் சமாதான காலத்திலேயே தீப்ஸின் கோட்டையைப் பிடித்தது வீண் வம்பு. அந்தப் பகைதான் லூக்ட்ராவில் வந்து நின்றது. பிறகு தீப்ஸ் தளபதி எபமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவின் சொந்தப் பகுதியான லாக்கோனியாவுக்குள்ளேயே புகுந்து, ஸ்பார்ட்டாவின் பிடியில் இருந்த மெஸ்ஸீனியாவின் ஹெலட் அடிமைகளை விடுவித்தார். குடிமக்களுக்குச் சோறு போட்ட நிலத்தில் பெரும்பகுதி அதோடு போனது.

கி.மு. 241 வாக்கில் கடனை ரத்துசெய்து நிலத்தைப் பங்கிட முயன்றார் நான்காம் ஏகிஸ் என்ற இளம் அரசர். அவரைச் சிறையில் போட்டுக் கழுத்தை நெரித்துக் கொன்றது சொந்த ஊர் எஃபோர்களேதான்.