டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை

கேள்வி: எங்கள் வீட்டு எலெக்ட்ரிக் டிரையர் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. போன வாரத்திலிருந்து டிரம் நன்றாகச் சுற்றுகிறது, உள்ளே விளக்கு எரிகிறது, டைமரும் ஓடுகிறது, ஆனால் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் துணி ஈரமாக ஜில்லென்று இருக்கிறது. அதற்கு முன்பு கொஞ்ச நாளாகவே ஒரு லோடு காய இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருந்தது. பிரேக்கரைப் பார்த்தேன், ஆனில்தான் இருக்கிறது. போனில் கேட்டதற்கு ஒரு மெக்கானிக், "பழசு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வேண்டாம், அவசரப்படாதீர்கள். டிரம் சுற்றுகிறது என்றால் மோட்டாரும் பெல்ட்டும் நன்றாக இருக்கின்றன. சூடு வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சின்ன பாகம்தான், இல்லையென்றால் மெஷினுக்கு வெளியே இருக்கும் ஏதாவது ஒன்று.

முதலில் 'ஏர் ஃப்ளஃப்' மாதிரி சூடில்லாத செட்டிங்கில் மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது நடக்கும்.

அடுத்தது கரண்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் எலெக்ட்ரிக் டிரையருக்கு 240 வோல்ட் தேவை. அது தலா 120 வோல்ட் உள்ள இரண்டு லைன்களாக வருகிறது. மோட்டாருக்கும் விளக்குக்கும் ஒரு லைன் போதும், ஹீட்டருக்குத்தான் இரண்டும் வேண்டும். அதனால் மோட்டாருக்குப் போகாத அந்த இன்னொரு லைன் போனால் டிரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், சூடு மட்டும் சுத்தமாக வராது. உங்கள் பேனலில் டிரையருக்கு 30 ஆம்பியர் போட்ட ஜோடி பிரேக்கர் இருக்கும். பாதி டிரிப் ஆன பிரேக்கர் பார்வைக்கு ஆனில் இருப்பது போலவே தெரியும், ஆகவே பார்த்தால் மட்டும் போதாது, முழுசாக ஆஃப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்ப ஆன் செய்யுங்கள். எலெக்ட்ரிக் அடுப்போ வாட்டர் ஹீட்டரோ இருந்து அவையும் சூடாகவில்லை என்றால் பிரச்சினை டிரையரில் இல்லை, வீட்டுக்கு வரும் லைனில். மின் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

அதுவும் சரி என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு (மெஷினைத் திறந்து செய்யும் வேலை எல்லாமே பிளக் வெளியே இருக்கும்போதுதான்) டிரையரின் பின்பக்கம் பவர் கார்டு உள்ளே போகும் இடத்தில் இருக்கும் சின்ன தகட்டு மூடியைக் கழற்றுங்கள். உள்ளே மூன்று ஸ்க்ரூவில் ஒயர்களை இறுக்கிய டெர்மினல் பிளாக் இருக்கும். அதில் ஒரு ஸ்க்ரூ லூஸாகி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் ஒரு லைன் அங்கேயே அறுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பிளாக்கோடு கார்டையும் மாற்றிவிட வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது "இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருந்தது" என்ற வரிதான். அது காற்று போகும் வழி அடைத்துக்கொண்டதன் அடையாளம். ஈரக்காற்று வெளியேற முடியாமல் ஹீட்டர் பெட்டிக்குள் சூடு தேங்குகிறது, சூடு கூடினால் ஹீட்டரை நிறுத்த அங்கே இருக்கும் தெர்மோஸ்டாட் அடிக்கடி கட் செய்து கட் செய்து பார்க்கிறது, கடைசியில் பக்கத்திலேயே இருக்கும் தெர்மல் கட்-ஆஃப், அதாவது ஒரே ஒரு தடவை உருகி நிரந்தரமாக நின்றுவிடும் ஃப்யூஸ், போய்விடுகிறது. உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் (வோல்ட், ஓம்ஸ் எல்லாம் அளக்கும் சின்னக் கருவி) போதும். பின் தகட்டைக் கழற்றினால் பல மாடல்களில் ஹீட்டர் பெட்டி தெரியும் (சிலவற்றில் முன்பக்கமோ டிரம்முக்கு அடியிலோ இருக்கும்). கட்-ஆஃப்பின் ஒரு ஒயரை உருவிவிட்டு ஓம்ஸில் அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட 0 காட்டினால் நல்லது, ஒன்றுமே காட்டாவிட்டால் போய்விட்டது. ஹீட்டர் எலிமெண்டையும் அதேபோல அளந்து பாருங்கள், பெரும்பாலானவை 10 ஓம்ஸை ஒட்டிக் காட்டும். எலிமெண்டை வெளியே இழுத்துப் பார்த்தால் சுருள் கம்பி எங்காவது அறுந்து இரண்டு நுனியும் தனித்தனியாகத் தொங்குவது கண்ணுக்கே தெரியும். எது போயிருந்தாலும் கதவின் உள்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். கட்-ஆஃப்பையும் தெர்மோஸ்டாட்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். புது மெஷின் விலைக்கு முன்னால் இதெல்லாம் ஒரு செலவே இல்லை. கட்-ஆஃப், எலிமெண்ட் இரண்டும் நன்றாக இருந்தால் மோட்டார் ஸ்விட்ச், டைமர், கன்ட்ரோல் போர்டு என்று போகும், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வெறும் ஃப்யூஸை மாற்றிவிட்டு ஓட்ட ஆரம்பித்துவிடாதீர்கள், காற்று வழி அடைத்தே இருந்தால் புது ஃப்யூஸும் போகும். டிரையரை ஓடவிட்டு வீட்டுக்கு வெளியே போய்ப் பாருங்கள். ஈரக்காற்றுக் குழாய் வெளியே வரும் சுவரில் இருக்கும் மூடி நன்றாகத் திறந்து காற்று கையில் பலமாக அடிக்க வேண்டும். லேசாகப் படபடத்தால் குழாய் முழுக்கத் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், மெஷினுக்குப் பின்னால் மெல்லிய ஃபாயில் குழாய் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு 4 அங்குல உலோகக் குழாய் போடுங்கள். அமெரிக்கக் கட்டட விதி பொதுவாகக் குழாய்க்கு 35 அடிதான் அனுமதிக்கிறது, ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் அதில் 5 அடி கழியும். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: 2008 முதல் 2010 வரையிலான கணக்கை வைத்து அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் வெளியிட்ட அறிக்கையின்படி அங்கே வருஷத்துக்குச் சுமார் 2,900 வீடுகளில் டிரையரால் தீப்பிடித்தது, முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது.

கேள்வி: தெர்மல் ஃப்யூஸ் போய்விட்டது, புதுசு வர சில நாள் ஆகும். அதுவரை இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்து ஓட்டலாமா?
- வாசகர், ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: கூடவே கூடாது. அந்த ஃப்யூஸ் இருப்பதே பஞ்சு பற்றிக்கொள்வதற்குள் ஹீட்டரை நிறுத்தத்தான். அதுவரை துணியைக் கொடியில் போடுங்கள், இல்லை லாண்டரோமேட்டுக்குப் போய் வாருங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். எங்கள் டிரையரும் சுற்றுகிறது, சூடு இல்லை. ஒரு லைன் போயிருக்குமா?
- வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது. பிரிட்டனில் 230 வோல்ட் ஒரே லைனில் சாதாரண பிளக் வழியாக வருகிறது, அது போனால் டிரம்மும் சுற்றாது. அங்கே சில மாடல்களில் அதிகச் சூட்டால் கட் ஆன தெர்மோஸ்டாட்டைத் திரும்ப அழுத்திவிட ஒரு ரீசெட் பட்டன் இருக்கும். மேனுவலில் தேடுங்கள். அழுத்துவதற்கு முன் ஃபில்டரையும், கண்டென்சர் டைப் (ஈரத்தை வெளியே அனுப்பாமல் உள்ளேயே தண்ணீராக்கிச் சேர்ப்பது) என்றால் கண்டென்சரையும் எடுத்துத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அழுத்திய பிறகும் அடிக்கடி கட் ஆனால் எலிமெண்டையும் தெர்மோஸ்டாட்டையும் ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள்.