கூலிக்கு வரைந்த கப்பல்கள்

கேள்வி: கப்பலை மட்டுமே வரைந்து காலம் தள்ளிய ஓவியர்கள் மேல்நாட்டில் இருந்தார்களாமே? கப்பல்காரர் காசு கொடுப்பார், இவர் ஒரே மாதிரி பக்கவாட்டில் வரைந்து தள்ளுவார். காலண்டர் படத்தைப் போய் மியூசியத்தில் மாட்டலாமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: கோவில்பட்டியில் இருந்துகொண்டு காலண்டர் படத்தை இளக்காரம் பேசுகிறீர்களே! கொண்டையராஜு வாழ்ந்த ஊர் ஐயா அது. அவர் போட்ட சாமி படத்துக்குத்தான் பாதித் தமிழ்நாடு சூடம் காட்டியது. அதுவும் கூலிக்கு வரைந்ததுதான்.

சரி, கப்பலுக்கு வருவோம். ‘ஒரே மாதிரி’ என்பதில் பாதி நியாயம் உண்டு. கோபன்ஹேகனில் பிறந்து அமெரிக்கா போன அன்டோனியோ ஜேக்கப்சன் (1850–1921) முதலில் இரும்புப் பெட்டகங்களுக்கு அலங்காரப் படம் வரைந்துகொண்டிருந்தார். அப்புறம் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களாக வரைந்தார். மொத்தம் 6,000க்கு மேல் தேறும். அத்தனை படத்துக்குப் புதுப்புது அலைக்கு எங்கே போவது? அவருடைய கடலில் எனக்கும் லயிப்பு இல்லை. ஆனால் காசு கொடுத்தவர் அலையையா பார்த்தார்? தோணியை ஓட்டும் தலைவரான தூத்துக்குடித் தண்டல் ஒருவரிடம் தோணிப் படம் ஒன்றை நீட்டிப் பாருங்கள். பருமல் (பாய் கட்டும் குறுக்கு மரம்) சாய்வு பிசகியிருந்தாலோ, பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறு இடம் மாறியிருந்தாலோ, அடுத்த நிமிடம் படம் உங்கள் கைக்குத் திரும்பி வந்துவிடும். நியூயார்க்கிலும் வாடிக்கையாளர் கேப்டனும் மாலுமியும்தான். முன்னிருந்து பின்வரை பாய், கயிறு, கொடி எதுவும் மறையக் கூடாது. பக்கவாட்டில் வரையாமல் வேறெப்படி வரைவது?

ஹட்சன் ஆற்று நீராவிக் கப்பல்களை வரைந்த ஜேம்ஸ் பார்ட் (1815–1897) கப்பலை அளவெடுத்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவார். அவர் படத்து மனிதர்கள் தொப்பி வைத்த மரப்பாச்சிகள்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தே கப்பலுக்கு பிளான் போடலாம் என்று கப்பல் கட்டுபவர்களே சொன்னார்கள். இங்கிலாந்தின் ரூபன் சாப்பல் (1870–1940) சின்னச் சின்னச் சரக்குக் கப்பல்களின் ஆட்களுக்கு வரைந்தவர். ஒரே கப்பலை ஜோடியாகவும் போட்டுக் கொடுப்பார்: அமைதிக் கடலில் பாய் விரித்து ஒன்று, புயலில் பாய் சுருக்கி ஒன்று. இரண்டாவதை எந்த மாலுமி மனைவி சுவரில் மாட்ட விட்டாளோ!

நம் கதையைப் பாருங்கள். வ.உ.சி. தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தவை காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள். செப்டம்பர் 5 வந்தால் அவர் பிறந்தநாள் பேனர்களில் ஊருக்கொரு கப்பல் மிதக்கிறது. ஒன்றுக்கு இரண்டு புகைபோக்கி, ஒன்றுக்கு மூன்று. போன வருடம் நான் பார்த்த பேனரில், நான்கு புகைபோக்கியோடு சாட்சாத் டைட்டானிக்கே வந்து நின்றது.