நல்ல மழைதானே, இனி தீ பயம் இல்லையே?

ஒடுகத்தூர் பக்கம் காட்டோரம் மாந்தோப்பு, ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை, அதனால் இந்தக் கோடையில் காட்டுத்தீ பயம் குறைவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல மழை என்றால் அடிவாரத்தில் இடுப்பளவு புல்லும், உண்ணிச்செடிப் புதரும். தை மாசி வெயிலில் அது அத்தனையும் காய்ந்து எரிபொருளாகிவிடும்.

முன்பெல்லாம் மாசியில் கொஞ்சம் பனியாவது மிச்சமிருக்கும். இப்போது வெயில் முந்திக்கொள்கிறது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் சராசரி பகல் வெப்பம், 1901இலிருந்து பதிவான பிப்ரவரிகளில் அதுவரை இல்லாத உச்சம். காற்று 1 டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் காற்றில் இல்லாவிட்டால் புல்லிலிருந்தும் சருகிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஒடிக்கும்போது வளைகிற புல், மதியம் இரண்டு மணிக்குப் பட்டென்று முறியும். அந்த நேரத்தில் ஒரு பீடித்துண்டு போதும். வெப்பம் தீயை வைப்பதில்லை, பெரும்பாலும் வைப்பது நாம்தான்.

மார்ச்சில் புல்லை நீங்களே கொளுத்திவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். தீ மேட்டில் வேகமாக ஏறும். காட்டுக்குள் போனால் வழக்கும் வரும். தை முடிவதற்குள் வேலியை ஒட்டி உங்கள் பக்கம் பத்தடி அகலத்துக்குப் புல்லை அறுத்து, மண் தெரிகிற அளவுக்குச் செதுக்குங்கள். மாஞ்சருகையும் அந்தப் பட்டையில் சேரவிடாதீர்கள், வாரம் ஒருமுறை கூட்டித் தள்ளுங்கள். அப்புறம் வனக்காப்பாளர் எண்ணை வாங்கி வையுங்கள். புகை தெரிந்தால் அவருக்கும் 101க்கும் சொல்லுங்கள், தனியாக மலையேறாதீர்கள்.