35,000 ரூபாய் கட்டினால் மகனுக்குப் பேச்சு வந்துவிடுமா?

கேள்வி: என் மகன் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பிளஸ் டூ வரை தமிழ் வழி. அரியர் எதுவும் இல்லை. ஆனால் குரூப் டிஸ்கஷனில் வாயே திறப்பதில்லை. கம்யூனிகேஷன், கிரிட்டிக்கல் திங்கிங் எல்லாம் 45 நாளில் சொல்லித் தருகிறோம், வேலைக்கு உத்தரவாதம் என்று ஒரு பயிற்சி மையம் 35,000 ரூபாய் கேட்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

இருபத்தைந்து வருடம் பொறியியல் மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்தியவள் நான். வாய் திறக்காத பிள்ளைகளில் பலருக்கு, சொல்வதற்கென்று ஒரு கருத்து இருக்காது. எப்படி இருக்கும்? அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு என்றால் பத்து டூ மார்க், ஐந்து தேர்ட்டீன் மார்க் என்றுதான் பழகியிருக்கிறார்கள். யூனிட் வாரியாக நோட்ஸை மனப்பாடம் செய்தால் பாஸ். 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று நான்கு வருடத்தில் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவேண்டிய கல்லூரிகளே பயிற்சி என்று வெளியாளைக் கூட்டிவந்து, அதற்கும் தனியாக ஃபீஸ் வாங்குகின்றன. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தினமும் நாளிதழிலிருந்து ஒரு விஷயத்தை எடுக்கச் சொல்லுங்கள். 2021 மே மாதம் தொடங்கிய, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். கேட்டால் மாணவர்கள் 'நல்ல திட்டம் மேடம்' என்று நிறுத்திவிடுவார்கள். யாருக்கு நல்லது? தினமும் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் எவ்வளவு மிச்சம்? அந்தப் பணத்தை அவள் என்ன செய்கிறாள்? பஸ்ஸே வராத ஊரில் இருப்பவளுக்கு என்ன பயன்? இந்தச் செலவு தேவையா என்று கேட்பவருக்கு என்ன பதில்? உங்களையும் பக்கத்து வீட்டு அக்காவையும் அவன் கேட்கட்டும். கிடைத்த பதில்களை வைத்து இரண்டு நிமிடம் தமிழில் பேசி, ஃபோனில் பதிவு செய்து, போட்டுக் கேட்கட்டும். அப்புறம் அதையே ஆங்கிலத்தில் பேசட்டும். தப்பு வந்தால் வரட்டும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, ஒருவன் வேண்டுமென்றே எதிர்த்துப் பேசினால் குரூப் டிஸ்கஷனுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

வகுப்பாக வேண்டுமென்றால் அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் இருக்கிறது. கல்லூரியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்த 35,000. உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். 'இன்டர்வியூவுக்கு அனுப்புவோம்' என்று மாற்றி எழுதுவார்கள். காசு இல்லை என்றால் இன்னும் ஆபத்து. வட்டியில்லாத் தவணை என்று சொல்லி ஆதார், பான் கார்டு வாங்குவார்கள், ஓடிபி கேட்பார்கள். பல இடங்களில் அது ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பணம் மையத்துக்குப் போய்விடும். பையன் பத்தாம் நாள் நின்றாலும், மையத்தையே மூடினாலும் தவணை உங்கள் தலையில். என் மாணவன் ஒருவனின் அப்பா, நடக்காத வகுப்புக்குப் பதினெட்டு மாதம் கட்டினார். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்த்துவிடும் ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. 'இரண்டு சீட்தான் பாக்கி' என்று அவசரப்படுத்துவது அதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். வீட்டில் தமிழில் பேசும்போதும் முதல் எழுத்தில் சிக்குகிறதா? வரவேண்டிய சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் போடுகிறானா? ஃபோன் வந்தால் உங்களிடம் நீட்டிவிடுகிறானா? தன் பெயரைச் சொல்லவே திணறுகிறானா? அப்படியென்றால் திக்குவாயாக இருக்கலாம். அதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு மருந்தாகாது. எல்லோர் முன்னாலும் நிறுத்திப் பேசவைத்தால் பயம் கூடும். 'மெதுவாகப் பேசு' என்று நீங்களும் அதட்டாதீர்கள், அவன் முடிக்கும்வரை காத்திருங்கள். அவனுக்கு வேண்டியது ஸ்பீச் தெரபிஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். இன்டர்வியூவில் உட்கார்ந்ததுமே 'எனக்குக் கொஞ்சம் திக்கும், நேரம் கொடுங்கள்' என்று அவன் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லிவிட்டுப் பேசி வேலை வாங்கிய பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள்.