வளைந்து போகும் வழி

கேள்வி: நெடுஞ்சாலையை விட்டு, அழகான கிளைச்சாலைகளில் மோட்டார் சைக்கிளில் போக ஆசை. வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: கைப்பேசி சொல்லும் பயண நேரத்தை நம்பாதீர்கள். நீங்கள் எங்குமே நின்று வேடிக்கை பார்க்கமாட்டீர்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது. நான் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை விரித்துவைத்து உட்காருவேன். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு. அங்கே சாலை பாம்பாக நெளிந்தால் அதுதான் என் வழி. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் தாராளம். காலையில் மேற்காகவும் மாலையில் கிழக்காகவும் போனால் வெயில் கண்ணில் அடிக்காது. ஒருமுறை இதை மறந்து, எதிர்வெயிலில் வளைவில் சிதறிக் கிடந்த சரளைக்கல் தெரியாமல் சறுக்கி விழுந்தேன். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. டேங்க் பாதியானதும் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். மலைமடிப்புக்குள் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.